கட்டிப்போட்டு வென்ற அணி

1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சப் போட்டியான வேர்ல்டு சீரிஸை ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் வென்றது. நூறாண்டுக்கும் மேலான அந்தப் போட்டியின் வரலாற்றில், நியூயார்க் யாங்கீஸைத் தவிர வேறெந்த அணியும் மூன்று கோப்பைகளை அடுத்தடுத்து எடுத்ததில்லை. அதே ஓக்லண்ட் 1979-இல் ஆடிய 162 ஆட்டங்களில் 108-இல் தோற்றது. அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று, ஏறத்தாழ 50,000 பேர் அமரக்கூடிய அதன் அரங்கில் கணக்கில் வந்த பார்வையாளர்கள் 653 பேர். உரிமையாளர் மாறவில்லை, ஊர் மாறவில்லை, அரங்கும் மாறவில்லை. ஐந்தே ஆண்டுகளில் உச்சியிலிருந்த ஓர் அணி தரைமட்டமானது எப்படி? இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. 1975-இன் இறுதியில் வீரர்களுக்குத் தாம் விரும்பும் அணிக்குப் போகும் உரிமை கிடைத்தது; பணக்கார அணிகள் ஓக்லண்டின் நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டு போயின; சிறிய அணியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பது அந்தப் பதில். இந்த விளக்கம் நிகழ்ச்சிகளின் வரிசையைச் சரியாகச் சொல்கிறது, காரணத்தைத் தவறாகச் சொல்கிறது. ஓக்லண்ட் அணி, வீரர்கள் போக முடியாது என்ற ஒரே உறுதியின்மேல் கட்டப்பட்டிருந்தது. அந்த உறுதி இருந்தவரை வெற்றி வந்தது. அது விலகியதும், வீரரைத் தங்கவைக்க வேறெதுவும் அந்த நிறுவனத்திடம் இல்லை என்பது வெளிப்பட்டது. எழுபதுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த உறுதி என்னவென்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்திலிருந்து பேஸ்பால் ஒப்பந்தங்களில் ரிசர்வ் விதி என்றொரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் புதிதாகக் கையெழுத்திட மறுத்தாலும், பழைய ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு நீட்டிக்கும் உரிமையை அது அணிக்குக் கொடுத்தது. நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தத்திலும் அதே விதி இருக்கிறது, ஆகவே அதையும் நீட்டிக்கலாம், அடுத்ததையும் நீட்டிக்கலாம் என்று உரிமையாளர்கள் பொருள்கொண்டார்கள். நடைமுறையில் ஒரு வீரர் பதினெட்டு வயதில் யாரிடம் கையெழுத்திட்டாரோ, அவர் விற்கும்வரை அல்லது கழற்றிவிடும்வரை அவருடைய உடைமை. 1965-இல் வந்த டிராஃப்ட் முறை இதை இன்னும் இறுக்கியது. அதன்படி இளம் வீரரை எந்த அணி தெரிவு செய்கிறதோ அதனிடம் மட்டுமே அவர் பேச முடியும். கர்ட் ஃப்ளட் என்ற வீரர் தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். 1972 ஜூனில் 5-க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். ஓக்லண்ட் முதல் கோப்பையை வென்றது அதே ஆண்டில்தான்.

இந்த ஏற்பாட்டை அணியின் உரிமையாளர் சார்லஸ் ஃபின்லி அளவுக்குக் கூர்மையாகப் பயன்படுத்தியவர் வேறு யாருமில்லை. மருத்துவர்களுக்கான குழுக் காப்பீட்டில் பணம் சம்பாதித்த அவர், 1960 டிசம்பரில் அணியை வாங்கினார். அப்போது அது கான்சஸ் சிட்டியில் இருந்தது. 1968-இல் ஓக்லண்டுக்குக் கொண்டுவந்தார். இளம் வீரர்களைக் கண்டெடுப்பதில் அவருக்கிருந்த திறமையைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. வட கரோலினாவின் பண்ணைக் குடும்பத்துப் பையன் ஜிம் ஹண்டருக்கு வேட்டையின்போது துப்பாக்கி வெடித்துக் கால் விரல் போனது. மற்ற அணிகள் தயங்கின, ஃபின்லி ஒப்பந்தம் போட்டார். 1965-இன் முதல் டிராஃப்டில் சால் பாண்டோவும் ஜீன் டெனஸும் வந்தார்கள். டெனஸ் எடுக்கப்பட்டது இருபதாவது சுற்றில். 1966-இல் ரெஜி ஜாக்சன், 1967-இல் வைடா புளூ. ஜோ ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ், கியூபாவிலிருந்து வந்த பெர்ட் காம்பனெரிஸ் ஆகியோர் அதற்கு முன்பே இருந்தார்கள். சில ஆண்டு இடைவெளியில் சேர்ந்த இவர்கள் ஒன்றாகவே முதிர்ந்தார்கள். 1971-இல் 101 ஆட்டங்களில் வென்று தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். 1975 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்த இடத்தை விடவில்லை. 1972 வேர்ல்டு சீரிஸில் காயத்தால் ஜாக்சன் ஆடவே இல்லை. டெனஸ் நான்கு ஹோம் ரன் அடித்தார். சின்சினாட்டியுடன் ஆடிய ஏழு ஆட்டங்களில் ஆறு, ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்தன. இது அதிர்ஷ்டத்தால் வந்த வெற்றி இல்லை, ஆழமான அணியின் வெற்றி.

ஆனால் கண்டெடுப்பது ஒரு வேலை, வைத்துக்கொள்வது வேறு வேலை. இரண்டாவதைச் செய்யவேண்டிய தேவையே ஃபின்லிக்கு இருக்கவில்லை. வைடா புளூவின் கதையை அருகில் சென்று பார்த்தால் இது விளங்கும். 1971-இல் அவருக்கு வயது 21, முதல் முழுப் பருவம். கிரிக்கெட்டின் பந்துவீச்சாளர் இடத்தில் பேஸ்பாலில் இருப்பவர் பிட்சர். அந்தப் பணியில் புளூ 24 ஆட்டங்களை வென்றார், 8 தோற்றார், 301 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். சிறந்த பிட்சர் விருது, லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது இரண்டும் அவருக்கே. அவருடைய ஆண்டுச் சம்பளம் 15,000 டாலருக்கும் குறைவு. விளையாட்டிலேயே மிகக் குறைந்த கூலி பெறுபவர் இவர்தான் என்று அதிபர் நிக்சனே சொல்லும் அளவுக்கு அது ஊரறிந்த செய்தியாயிற்று. மறு ஆண்டு புளூ 92,500 டாலர் கேட்டார். ஃபின்லி மறுத்தார். வேறு அணிக்குப் போக வழியில்லாததால், ஆடாமல் வீட்டில் இருப்பது ஒன்றே புளூவிடம் இருந்த ஆயுதம். பருவம் தொடங்கியபின், எல்லாம் சேர்த்து 63,000 டாலருக்கு இணங்கித் திரும்பினார். அந்த ஆண்டு 6 வெற்றி, 10 தோல்வி. இதற்கு முன்பே ஃபின்லி இன்னொரு பேரமும் பேசியிருந்தார். புளூ என்ற குடும்பப் பெயரோடு சேர்ந்து ‘உண்மையான நீலம்’ என்று பொருள்படும்படி, தன் முதல் பெயரை ‘ட்ரூ’ என மாற்றிக்கொண்டால் 2,000 டாலர் தருவதாகச் சொன்னார். வைடா என்பது புளூவின் தந்தையின் பெயர். அவர் மறுத்துவிட்டார். ஹண்டருக்குச் சிறுவயதுக் கதையொன்றைக் கட்டி ‘கேட்ஃபிஷ்’ என்று பெயர் வைத்தவரும் ஃபின்லியே. கூட்டத்தை இழுக்கும் விளம்பர உத்திகள்தானே என்று இவற்றைக் கடந்துபோகலாம். ஆனால் ஒருவரின் பெயரும் விலைபேசக்கூடியது என்ற நினைப்பு, அவரை எப்படிப் பார்க்கிறோம் என்பதிலிருந்துதான் வருகிறது.

அந்தப் பார்வை நாடறிய வெளிப்பட்டது 1973 வேர்ல்டு சீரிஸில். நியூயார்க் மெட்ஸுடனான இரண்டாவது ஆட்டத்தின் 12-ஆவது இன்னிங்ஸில் ஓக்லண்டின் மைக் ஆண்ட்ரூஸ் அடுத்தடுத்து இரண்டு பிழைகள் செய்தார். ஆட்டம் 10-7 என்று கையைவிட்டுப் போனது. ஆட்டம் முடிந்ததும் ஃபின்லி அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி, தோளில் காயம், இனி ஆட இயலாது என்ற தாளில் கையெழுத்து வாங்கினார். ஆண்ட்ரூஸை அணியிலிருந்து நீக்கி வேறொருவரைச் சேர்ப்பதே நோக்கம். அடுத்த பயிற்சிக்கு வந்த சக வீரர்கள் ஆண்ட்ரூஸின் எண்ணான 17-ஐ ஒட்டுநாடாவில் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பேஸ்பால் ஆணையர் போவி கூன் நீக்கத்தை ரத்து செய்தார். நான்காவது ஆட்டத்தில் ஆண்ட்ரூஸ் மட்டையுடன் களத்துக்கு வந்தபோது, எதிரணியின் ஊரான நியூயார்க்கில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் அவுட்டாகித் திரும்பினார். மீண்டும் எழுந்து கைதட்டினார்கள். ஓக்லண்ட் தொடரை 4-3 என்று வென்றது. வென்ற கையோடு மேனேஜர் டிக் வில்லியம்ஸ் பதவி விலகினார். யாங்கீஸ் அவரை அழைத்தது. ஒப்பந்தக் காலம் மீதமிருக்கிறது, ஈடு கொடுக்காமல் விடமாட்டேன் என்று ஃபின்லி தடுத்தார். இரண்டு கோப்பை பெற்றுத்தந்தவரையும் கட்டிவைக்க முடியும்வரை கட்டிவைப்பதே அவர் அறிந்த நிர்வாகம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கசப்பு இவ்வளவு இருந்தும் அணி வென்றதே; உரிமையாளர்மீதான கோபமே வீரர்களை ஒன்றாக்கியது என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இதில் உண்மை உண்டு. உடைமாற்றும் அறையில் கைகலந்தவர்கள் களத்தில் பிசகின்றி ஆடினார்கள். 1974-இல் ஜாக்சனும் பில் நார்த்தும் மோதியதை விலக்கப்போன ரே ஃபாஸிக்குக் கழுத்தில் காயம்; அந்த ஆண்டும் கோப்பை வந்தது. ஆனால் ஒருவரை எதிர்த்து உருவாகும் ஒற்றுமை எந்தத் திசையில் போகும் என்பதை யோசிக்க வேண்டும். வாசல் அடைத்திருக்கும்வரை அந்தக் கோபம் ஆட்டத்தில் இறங்கும்; வாசல் திறந்தால் அதே கோபம் வெளியே நடக்கும். 1974-இல் சம்பளத் தகராறுகளை மத்தியஸ்தரிடம் கொண்டுபோகும் முறை வந்தவுடனேயே ஓக்லண்ட் வீரர்கள் வரிசையில் நின்றார்கள். ஃபின்லி தர முன்வந்தது 1,00,000 டாலர். ஜாக்சன் கேட்டது 1,35,000. தீர்ப்பு ஜாக்சன் பக்கம். வாசல் அப்போது ஒரு விரற்கடை திறந்திருந்தது.

அதை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டவர் ஃபின்லியே. 1974-இல் ஹண்டரின் ஒப்பந்தத்தில் பாதித் தொகையான 50,000 டாலரை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் செலுத்த வேண்டும் என்றிருந்தது. வரிக்கணக்கில் தனக்குச் சாதகமில்லை என்று கண்ட ஃபின்லி செலுத்தவில்லை. அந்த ஆண்டு ஹண்டர் 25 ஆட்டங்களை வென்று, சிறந்த பிட்சர் விருதும் பெற்றிருந்தார். ஒப்பந்தம் மீறப்பட்டது, ஆகவே ஹண்டர் கட்டற்றவர் என்று மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் டிசம்பரில் தீர்ப்பளித்தார். வட கரோலினாவின் அஹோஸ்கி என்ற சிற்றூரில் இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அணிகளின் பிரதிநிதிகள் ஒருவர் பின் ஒருவராகப் போய் நின்றார்கள். டிசம்பர் 31 அன்று, ஐந்து ஆண்டுகளுக்கு 30 லட்சம் டாலருக்கும் மேலான தொகைக்கு ஹண்டர் யாங்கீஸில் சேர்ந்தார். ஒரு வீரரின் உண்மையான விலை என்ன என்பதை அன்று நாடு முழுவதிலுமிருந்த வீரர்கள் தெரிந்துகொண்டார்கள். ஓராண்டு கழித்து, 1975 டிசம்பர் 23 அன்று, ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு வீரர்களின் வழக்கில் அதே சைட்ஸ், ரிசர்வ் விதியின் ‘ஓராண்டு’ என்பது ஓராண்டு மட்டுமே என்று தீர்த்தார். பழைய ஏற்பாடு முடிந்தது.

அதன்பின் நடந்தவை வேகமானவை. 1976 ஏப்ரலில் ஜாக்சனையும் கென் ஹோல்ட்ஸ்மனையும் ஃபின்லி பால்டிமோருக்கு மாற்றினார். ஜூன் 15 அன்று ரூடியையும் ஃபிங்கர்ஸையும் தலைக்கு 10 லட்சம் டாலருக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும், புளூவை 15 லட்சத்துக்கு யாங்கீஸுக்கும் விற்றார். பாஸ்டன் அணி அன்று ஓக்லண்டில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே ரூடியும் ஃபிங்கர்ஸும் அதே அரங்கில் எதிரணியின் அறைக்கு நடந்துபோய்ச் சட்டை மாற்றிக்கொண்டார்கள். மூன்று நாளில் கூன் விற்பனையை ரத்து செய்தார். திரும்பிவந்த மூவரையும் ஆடவிட ஃபின்லி மறுத்தார். ஆடவிடாவிட்டால் வேலைநிறுத்தம் என்று அணியே முடிவெடுத்தது. ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான் அவர் இறங்கிவந்தார். இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் அந்த அணி 87 ஆட்டங்களை வென்று, முதலிடத்துக்கு இரண்டரை ஆட்டம் பின்தங்கி முடித்தது. பருவம் முடிந்ததும் ரூடி, ஃபிங்கர்ஸ், பாண்டோ, டெனஸ், காம்பனெரிஸ், டான் பேய்லர் ஆறு பேரும் போனார்கள். 1977-இல் 63 வெற்றி, 98 தோல்வி. அந்த ஆண்டுதான் புதிதாகத் தொடங்கப்பட்ட சியாட்டில் அணிக்கும் கீழே, கடைசி இடம்.

கூனின் ரத்துதான் அணியைக் கொன்றது என்பது ஃபின்லி தரப்பு வாதம். 35 லட்சம் டாலர் கிடைத்திருந்தால் அதைக்கொண்டு புதிய அணி கட்டியிருக்கலாம். அது தடுக்கப்பட்டதால் வீரரும் போனார், பணமும் போனது. இது எளிதில் தள்ளக்கூடிய வாதம் அல்ல. வீரர்களைப் பணத்துக்கு விற்பது பேஸ்பாலில் பழைய வழக்கம். கூன் தலையிட்டதை நீதிமன்றங்கள் ஏற்றன என்றாலும், அதன் நியாயத்தை இன்றும் விவாதிக்கலாம். ஆனால் விற்பனை நடந்திருந்தாலும் அன்று மாலை அணியில் மூன்று பெரும் வீரர்கள் இருந்திருக்க மாட்டார்கள். பணத்தைக் கொண்டு வாங்கவேண்டியது யாரை? இனி விருப்பப்பட்டு வருபவரைத்தான். ஓக்லண்டில் ஆடியவர்களே தங்க விரும்பாதபோது, வெளியிலிருந்து யார் விரும்பி வருவார்கள்? தடுக்கப்பட்ட விற்பனை வீழ்ச்சியை விரைவுபடுத்தியது என்று ஒப்புக்கொள்ளலாம். அந்த விற்பனையே வீழ்ச்சியின் அறிகுறி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊர் சிறியது, கூட்டம் வராது என்பது இரண்டாவது மறுப்பு. முதல் கோப்பை ஆண்டில்கூட ஓக்லண்டுக்கு வந்தவர்கள் 9,21,000 பேர்தான். மூன்றாவது கோப்பை ஆண்டில் அது 8,45,000 ஆகக் குறைந்தது. வென்ற அணிக்கு இது வறட்சியே. ஆனால் வளைகுடாவின் மறுகரையிலிருந்து வரும் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1977-இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரை ஈர்த்த சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், 1978-இல் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. அந்த ஆண்டு அங்கே 18 ஆட்டங்களை வென்று கூட்டத்தை இழுத்தவர்களில் ஒருவர், மார்ச் மாதம் ஃபின்லி மாற்றிக்கொடுத்த வைடா புளூ. அதே 1978-இல் ஓக்லண்டின் ஆட்டங்களைச் சிறிது காலம் ஒலிபரப்பியது பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய வானொலி. ஃபின்லி 1980-இல் அணியை வால்டர் ஹாஸிடம் விற்றபின், 1982-இல் அதே அரங்குக்கு 17 லட்சம் பேர் வந்தார்கள். மக்கள் அங்கேதான் இருந்தார்கள். யாரை நம்பி வருவது என்பதுதான் அவர்களுடைய கேள்வியாக இருந்தது. நாளை விற்கப்படுவார் என்று தெரிந்த வீரரிடம் எந்த ஊரும் மனதைக் கொடுக்காது.

மிகக் கூர்மையான மறுப்பு மூன்றாவது. ரிசர்வ் விதி ஃபின்லிக்கு மட்டும் உரியது அல்ல; எல்லா அணிகளும் அதே விதியின்மேல்தான் நின்றன. அப்படியானால் ஓக்லண்ட் மட்டும் ஏன் இப்படிச் சரிந்தது? இதற்கான பதில் கான்சஸ் சிட்டியில் கிடைக்கிறது. கூட்டம் வராத ஊர் என்று ஃபின்லி விட்டுவந்த நகரம் அது. அவர் காலத்தில் ஒருமுறையும் 10 லட்சம் பேர் வரவில்லை. 1969-இல் ஈவிங் காஃப்மன் அங்கே ராயல்ஸ் என்ற புதிய அணியைத் தொடங்கினார். இளைஞர்களைப் பயிற்றுவிக்கத் தனிப் பயிற்சிக்கூடம் அமைத்தார். 1976-இல் ஓக்லண்டின் ஐந்தாண்டு ஆதிக்கத்தை முடித்துவைத்தது அந்த ராயல்ஸ்தான். வீரர்களின் சந்தை திறந்த அதே ஆண்டுகளில், 1976, 1977, 1978 மூன்றிலும் அது பிரிவில் முதலிடம் பெற்றது. 1978-இல் 22 லட்சம் பேர் வந்தார்கள். அதன் பெரும் வீரர் ஜார்ஜ் பிரெட் தன் ஆட்டக்காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார். நியூயார்க்கின் பணபலம் கான்சஸ் சிட்டியிடமும் இல்லை, ஓக்லண்டிடமும் இல்லை. ஒரே விதியின்கீழ் இருந்த இரண்டு அணிகளில் ஒன்று வீரரோடு உறவையும் வளர்த்தது. மற்றொன்று விதி தந்த அதிகாரத்தைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்து பயன்படுத்தியது. விதி போனபோது முதலாவதிடம் மீதம் ஏதோ இருந்தது.

ஓக்லண்ட் இழந்தது திறமையைக் கண்டெடுக்கும் கண்ணை அல்ல என்பதற்கும் சான்று உண்டு. 1976-இன் டிராஃப்டில் நான்காவது சுற்றில் எடுக்கப்பட்ட ஓக்லண்டில் வளர்ந்த இளைஞர் ரிக்கி ஹென்டர்சன், 108 தோல்விகளின் நடுவே 1979 ஜூனில் களமிறங்கினார். அவரும் அவர் வயதொத்த இளைஞர்களும் மறு ஆண்டே 83 ஆட்டங்களை வென்றார்கள். கண் பழுதுபடவில்லை, கைதான் பிடிக்க மட்டுமே பழகியிருந்தது, வேறுவகையில் வைத்துக்கொள்ள அதற்குத் தெரியவில்லை.

ஃபின்லி அறியாதவரும் அல்லர். புதிய முறை வந்தபோது, ஆண்டுதோறும் எல்லா வீரர்களையும் விடுவித்துவிடுங்கள் என்று அவர் மற்ற உரிமையாளர்களிடம் சொன்னார். சந்தையில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் நின்றால் விலை ஏறாது என்பது அவர் கணக்கு. வீரர்கள் சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லர் உள்ளூர அஞ்சியதும் இந்த யோசனையைத்தான். உரிமையாளர்கள் அதைக் கேட்கவில்லை. ஆறாண்டு ஆடியவருக்கே விடுதலை என்ற ஒப்பந்தத்துக்கு வந்தார்கள், விலை ஏறியது. பொருளாதாரமாகப் பார்த்தால் ஃபின்லி சொன்னது சரி. ஆனால் அந்தச் சரியான கணக்கிலும் வீரர் என்பவர் விலை ஏறி இறங்கும் சரக்காகவே இருக்கிறார். எந்த விலைக்கு ஒருவர் கிடைப்பார் என்பதை அவரைப்போல் கணித்தவர் இல்லை. எதற்காக ஒருவர் தங்குவார் என்ற கேள்வி அவர் கணக்கில் எங்கும் வரவே இல்லை.

அந்த மூன்று கோப்பைகளின் மதிப்பை இது குறைக்கவில்லை. அவற்றை வென்ற வீரர்களுக்கு அது உரியது, எந்த வாதத்தாலும் அதைத் தொட முடியாது. ஆனால் அணியின் பத்தாண்டை முழுதாக எழுதும்போது, 1974-ஐ நிர்வாகத்தின் சாதனையாகவும் 1979-ஐ வீரர்களின் பேராசையால் வந்த விபத்தாகவும் பிரித்து எழுதுவது நேர்மையல்ல. சட்டைக் கையில் 17 என்ற எண்ணை ஒட்டிக்கொண்டு நின்ற நாளிலேயே அந்த வீரர்கள் மனத்தளவில் ஓக்லண்டை விட்டுப் புறப்பட்டுவிட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுகள் அவர்கள் அங்கே ஆடியது, வெளியே போகும் கதவு சட்டப்படி திறக்கக் காத்திருந்த காலம். 653 பேர் மட்டும் வந்த அந்த ஏப்ரல் நாள், அந்தக் காத்திருப்பின் கணக்கு தீர்ந்த நாள்.